கீமோவுக்குப் பிறகு கவுண்ட் எப்போது இறங்கும்? எக்செலில் போட்டுப் பாருங்கள்

கீமோ ஏற்றிய மறுநாள் ரத்தப் பரிசோதனை நன்றாகவே வரும், ஒரு வாரம் போனதும் "கவுண்ட் இறங்கிடுச்சு" என்பார்கள், அதாவது ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. மருந்து அடிப்பது எலும்பு மஜ்ஜையில் பிரிந்து பெருகும் இளம் செல்களை; ஏற்கெனவே முதிர்ந்து வந்துகொண்டிருக்கும் நியூட்ரோபில்களை (கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்களை) அல்ல. அந்தத் தாமதத்தைக் கணக்காக்கிய எளிய மாடல் ஒன்றை 2002இல் ஸ்வீடனின் ஃப்ரிபெர்க் குழு வெளியிட்டது.

எக்செலில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: பெருகும் செல்கள், முதிர்ச்சி 1, 2, 3, கடைசியில் ரத்தம். கீழே இறங்கும் ஒவ்வொரு வரியும் ஒரு மணி நேரம். முதல் வரியில் எல்லாவற்றிலும் 5, அதாவது மைக்ரோலிட்டருக்கு 5,000 செல்கள். பெருகும் நிலையிலிருந்து ரத்தம் வரை ஒரு செல்லின் மொத்தப் பயணம் 120 மணி, நான்கு தாவல், ஆக ஒரு தாவலுக்கு 30 மணி. முதிர்ச்சி 1இன் புதிய மதிப்பு = பழையது + (பெருகும் செல்கள் − பழையது) ÷ 30. இதையே அடுத்தடுத்த நெடுவரிசைகளுக்கும் இழுத்துவிடுங்கள். (ரத்தத்தில் நியூட்ரோபில் உண்மையில் சில மணி நேரம்தான் இருக்கும், இங்கே எளிமைக்காக அதற்கும் 30.)

முதல் நெடுவரிசைதான் முக்கியம்: பழையது + பழையது × (பெருக்கம் − 1) ÷ 30. பெருக்கம் என்பது 5ஐ ரத்தத்தின் மதிப்பால் வகுத்து, 0.17 அடுக்குக்கு உயர்த்தி, (1 − மருந்தின் பலம்) ஆல் பெருக்கியது. ரத்தத்தில் செல் குறைந்தால் உடல் ஜி-சிஎஸ்எஃப் என்ற தூண்டு புரதத்தைச் சுரந்து மஜ்ஜையை முடுக்குகிறதே, அதுதான் இந்த அடுக்கு. ஆனால் எவ்வளவு மெதுவான முடுக்கம் பாருங்கள்: கவுண்ட் 5இலிருந்து 1க்கு விழுந்தாலும் பெருக்கம் 1.31 மடங்குதான்!

முதலில் மருந்தின் பலம் 0 என்று வைத்து 500 வரி ஓட்டுங்கள். எல்லாம் 5லேயே நிற்க வேண்டும், நகர்ந்தால் ஃபார்முலா தப்பு. சரி, இப்போது முதல் 24 வரிக்கு மட்டும் பலம் 1. பெருகும் செல்கள் 2.2க்கு விழுந்திருக்கும், ரத்தமோ இன்னும் 5ஐ விட்டு அசைந்திருக்காது. அது அடியைத் தொடுவது ஒன்பது, பத்தாம் நாள் வாக்கில்.

அப்புறம் 0.17ஐ 0.6 ஆக்கி 2,000 வரி ஓட்டுங்கள். கவுண்ட் நிலைக்கு வராமல் 19, 20 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சுழற்சி நியூட்ரோபீனியா என்ற பிறவி நோயில் கவுண்ட் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை இப்படித்தான் ஆடுகிறது. அங்கே பெரும்பாலும் காரணம் ஒரு மரபணுப் பிழை, இந்த அடுக்கு அல்ல, ஆனாலும் இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்றும் வியப்புதான்.