‘அருகி வருகிறது’ என்று எழுதுமுன்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கோயில் மலர், பாடசாலை மலர் எதைப் பிரித்தாலும் ஒரு வரி கண்ணில் படும்: “எமது பாரம்பரியக் கலைகள் இன்று அருகி வருகின்றன.” வரியில் பிழையில்லை. ஆனால் இதே ‘அருகுதல்’ இப்போது விலை, வெள்ளம், பாலம், உடல்நலம் என்று கண்டதற்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்கிறது. மெல்லக் குறைகிற எதற்கும் இதை எழுதலாம் என்ற எண்ணத்தில் வருகிற பிழைகள்தான் அதிகம்.

அருகுதல் என்றால் எண்ணிக்கையில் குறைந்து அரிதாவது. காணக்கூடிய இடங்கள் குறைந்துபோவதும் அதற்குள் அடங்கும். எதிர்ச்சொல் பெருகுதல். பழைய இலக்கண உரைகாரர்கள் ஒரு வழக்கை ‘அருகி வரும்’ என்று குறித்தால், எப்போதாவது வரும் என்றுதான் பொருள். ஆகவே ‘முன்பு பல இருந்தன, இப்போது சிலவே’ என்று சொல்ல முடிந்த இடத்தில் மட்டும் இந்தச் சொல்லை வையுங்கள். மட்டக்களப்புக் கல்லடியில் புதிய பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய இரும்புப் பாலம் துருப்பிடிக்கலாம், பழுதடையலாம். ஒன்றே ஒன்றாக நிற்பதால் அது அருகாது. தேங்காய் விலையும் அருகாது, குறையும் அல்லது இறங்கும். நோயாளியின் உடல் மெலியும், நலியும்.

இதைவிடப் பெரிய தவறு, அருகுதலையும் அழிதலையும் ஒன்றாக்குவது. வடமோடிக் கூத்து அரங்கேறும் இரவில் விற்கிற மலரிலேயே “கூத்துக்கலை அழிந்துவிட்டது” என்று எழுதியிருப்பார்கள். வெளியே மத்தளம் முழங்கிக்கொண்டிருக்கும்! கூத்து ஆடப்படும் ஊர்கள் குறைந்தால், ஆட்டம் பழக்கும் அண்ணாவிமார் குறைந்தால், கூத்து அருகுகிறது. கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்புமுறி விளையாட்டு கூத்தைவிட அரிதாகிவிட்டது; அதற்கும் ‘அருகிவிட்டது’ பொருந்தும். இனி எவரும் கையாளாத ஒன்றுக்குத்தான் ‘வழக்கொழிந்தது’. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் ஆராய்ந்த பழைய யாழ் அப்படி வழக்கொழிந்த கருவி. 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூல், இல்லாமற்போன ஒன்றை மீட்டெடுக்கும் முயற்சி. அந்த யாழை ‘அருகி வந்த இசைக்கருவி’ என்று எழுதினால் அவருடைய உழைப்பின் அளவே தெரியாமல் போய்விடும்.

‘முற்றாக அருகிவிட்டது’ என்பதும் இதே குழப்பத்தின் பிள்ளை. முற்றாகப் போனது அற்றுப்போனது. அருகியது கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்.

உயிரினங்களைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘அருகிய இனம்’ என்பது அறிவியலில் அழியும் ஆபத்தின் ஒரு நிலையைக் குறிக்கும் பெயர். இலங்கை யானை அந்த வகையில் வருகிறது. இதை வெல்லாவெளிப் பக்கத்து வேளாண்மைக்காரரிடம் சொன்னால், “எங்கட வயலுக்குள்ள பெருகியல்லோ நிக்குது” என்பார். இருவர் சொல்வதும் சரி. அறிவியல் மொத்த இனத்தையும் பார்த்துச் சொல்கிறது. அவர் தன் வயல் வரம்பிலிருந்து பார்க்கிறார். கட்டுரையில் எந்தப் பரப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் சண்டை வராது.

தண்ணீருக்கு நம்மிடம் இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன, இரண்டையும் கலந்துவிடுகிறோம். மாரி வெள்ளம் வாவியில் முட்டி நிற்கும்போது வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் நீர் கடலுக்கு ஓடும், அது வடிதல். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் குளத்து நீர் வெயிலில் காய்ந்து அடிமண் தெரிய வரும், அது வற்றுதல். பேச்சில் இரண்டுக்கும் “வத்திற்று” என்றே சொல்கிறோம், அதில் குற்றமில்லை. ஆனால் 2011 ஜனவரி வெள்ளத்தைப் பற்றி எழுதுகிற ஒருவர் ‘வெள்ளம் வடிந்தது’ என்று எழுதினால் நீர் போன வழியும் வாசகருக்குத் தெரியும். ‘வெள்ளம் அருகியது’ மட்டும் வேண்டாம்.

மருதமுனைக் கைத்தறியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தறிகளின் எண்ணிக்கையைச் சொன்னால் தறிகள் அருகின. தொழிலின் நிலையைச் சொன்னால் தொழில் நலிந்தது. நெசவாளியின் கையில் வரும் காசு குறைந்தது. ஊருக்கிருந்த பெயரைச் சொன்னால் அது மங்கியது. நான்கையும் ‘வீழ்ச்சியடைந்தது’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது செய்தித்தாள் பழக்கம். வீழ்ச்சி என்றால் விழுதல், அதில் வேகம் இருக்கிறது. 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டியதே, அப்போது ரூபாய் கண்டது வீழ்ச்சி. பல ஆண்டுகளாக மெல்ல இறங்கிய ஒன்றுக்கு அந்தச் சொல் அதிகம்.

குன்றுதல் உயர்வும் நிறைவும் உடையவற்றுக்கு: புகழ், வளம், மதிப்பு. மழை வளம் குன்றினால் உழவர் ஏர் பூட்டமாட்டார் என்கிற 14ஆம் குறளில் வருவது இந்தச் சொல்தான். தேய்தல் ஒரே பொருள் அளவில் சுருங்குவது. நிலா தேய்கிறது, செருப்பு தேய்கிறது, கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிறது. கணக்கீடு படிக்கும் நம் உயர்தர வகுப்பு மாணவர்கள் ‘பெறுமானத் தேய்வு’ என்று எழுதுவதும் இதே பொருளில். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அது ‘தேய்மானம்’. பரீட்சை எழுதுபவர்கள் இலங்கை வழக்கையே பின்பற்றுவது நல்லது.

‘படிப்படியாக அருகி வருகிறது’ என்பதில் படிப்படியாக மிகை. ‘அருகி வருகிறது’ என்றாலே கொஞ்சங் கொஞ்சமாக என்பது உள்ளே இருக்கிறது. மேடைப் பேச்சில் விட்டுவிடலாம், எழுத்தில் வெட்டிவிடுங்கள். இன்னொன்று, அருகுதல் செயப்படுபொருளை ஏற்காத வினை. ‘காடழிப்பு யானைகளை அருகியுள்ளது’ என்று எழுத முடியாது. ‘காடழிப்பால் யானைகள் அருகியுள்ளன’ என்று திருப்புங்கள்.

கடைசியாக எழுத்துப்பிழை. குறைவதற்கும் பக்கத்தில் இருப்பதற்கும் இடையின ‘ரு’: அருகுதல், அருகில். புல்லுக்கு வல்லின ‘று’: அறுகு. பொத்துவில் பக்கத்து அறுகம் குடாவுக்கும் அதே ‘று’தான். ‘அறுகம் குடாவின் அருகே அறுகு அருகிவிட்டது’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தால் கை பழகிவிடும். கைபேசியில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: ‘அருகியுள்ள பறவைகள்’ என்று நினைத்து அடித்தது ‘அருகிலுள்ள பறவைகள்’ என்று மாறிப் போய்விடும். வாக்கியம் அப்போதும் சரியாகவே தோன்றுவதால் ஒப்புநோக்குபவர் கண்ணுக்கும் அது தப்பிவிடும்.