சிவப்பணு ஃபோலேட்: மலை லேப்பில் சாம்பிள் தயாரிக்கும் முறை

நீலகிரியில் சின்ன லேப்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது. அளக்கும் மெஷின் கோவையில் இருக்கலாம். ஆனால் ரிசல்ட் தேறுமா என்பது பெரும்பாலும் நம் மேஜையிலேயே முடிவாகிவிடும்.

ஃபோலேட் ஒரு பி வைட்டமின். சீரத்தில் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) உள்ள ஃபோலேட் அண்மையில் சாப்பிட்டதைப் பொறுத்து ஏறி இறங்கும். சிவப்பணுவோ, எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது சேர்த்த ஃபோலேட்டைத் தன் 120 நாள் ஆயுள் முழுக்க வைத்திருக்கும். அதனால்தான் டாக்டர்கள் சிவப்பணு ஃபோலேட்டைக் கேட்கிறார்கள். (ஃபோலேட் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு: கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்தவர்.)

முதலில் ரத்தம். ஊதா மூடி ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுப்பது) டியூப் ஒன்று, சீரத்துக்குத் தனி டியூப் ஒன்று. ஊதா டியூபை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள், குலுக்காதீர்கள். சீரம் சிவந்து வந்தால் மறுபடி எடுங்கள். சிவப்பணுவுக்குள் ஃபோலேட் பல மடங்கு அதிகம், சிவப்பணு உடைந்து கசிந்தால் சீரம் அளவு பொய்யாக ஏறும்.

அடுத்தது பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு. அதே டியூப், அதே நாள். பழைய ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துப் போடவே கூடாது, காரணம் கீழே.

இனி ஹீமோலைசேட், அதாவது சிவப்பணுக்களை உடைத்த கரைசல். அன்று கரைத்த 1% அஸ்கார்பிக் அமிலம் 1 மில்லி எடுங்கள். ரத்தத்தை மறுபடி கலக்கி 100 மைக்ரோலிட்டர் பிப்பெட்டில் எடுத்து, டிப்பின் வெளிப்பக்கத்தை டிஷ்யூவால் துடைத்துவிட்டு அந்த அமிலத்தில் விடுங்கள். ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு ரத்தமே கணக்கைக் கெடுக்கும். கலங்கல் தெளிந்து செம்பழுப்பாக மாறும். ஃபாயில் சுற்றி இருட்டில் வையுங்கள், ஃபோலேட்டுக்கு வெளிச்சம் ஆகாது. இந்த நேரத்தில்தான் பிளாஸ்மாவிலுள்ள என்சைம், நீளச் சங்கிலியாக இருக்கும் ஃபோலேட்டை மெஷின் அளக்கக்கூடிய வடிவத்துக்கு வெட்டுகிறது. எவ்வளவு நேரம் என்பது கிட் தாளில் இருக்கும். அதில் ‘ரூம் டெம்பரேச்சர்’ 20–25 டிகிரி என்று போட்டிருந்தால், ஊட்டி ஜனவரிக் காலையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்! குளிரில் என்சைம் மந்தமாகும். இன்குபேட்டரில் வையுங்கள்.

பிறகு கணக்கு. 100-ஐ 1000-உடன் சேர்த்ததால் நீர்ப்பு 11 மடங்கு. மெஷின் 12 காட்டினால் முழு ரத்தத்தில் 132 நானோகிராம்/மில்லி. அதைப் பிசிவியால் வகுக்க வேண்டும். பிசிவி 33% என்றால் 132 ÷ 0.33 = 400. உத்தேசமாக 40% என்று போட்டால் 330! ரத்தசோகை உள்ளவரிடம்தான் இந்தத் தவறு பெரிதாக வெடிக்கும். சீரத்தின் பங்கைக் கழிப்பது முறையானது. ஆனால் அது சிறியது.

கோவைக்கு அனுப்புவதாக இருந்தால் ஹீமோலைசேட்டை உறைய வைத்து, உலர்பனிக்கட்டியோடு அனுப்புங்கள். பர்லியாறு இறக்கத்தில் வண்டி மாட்டிக்கொண்டால் சாதா ஐஸ்பேக் தாங்காது.

கோரிக்கைப் படிவத்தில் அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் எழுதுங்கள். அந்தச் சிவப்பணுக்கள் வேறொருவருடையவை. சிக்கிள் செல் நோயாளியா என்றும் கேளுங்கள், நம் பழங்குடி ஊர்களில் அது உண்டு. சிவப்பணு சீக்கிரம் உடைவதால் 120 நாள் கணக்கு அங்கே பொருந்தாது. அளவு குறைவாக வந்தால் பி12 பார்க்கச் சொல்லுங்கள்: பி12 குறைந்தாலும் சிவப்பணு ஃபோலேட் இறங்கும்.