கோலாலம்பூரில் ஒரே மாலையில் நிலவும் சிம்பொனியும்: புதியவர்களுக்கான செய்முறை

படி 1: தேதியைத் தேர்ந்தெடுத்தல்

கச்சேரிச் சீட்டை வாங்குவதற்கு முன் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பாருங்கள். வளர்பிறை சப்தமி முதல் நவமி வரையிலான நாள்களே இதற்கு உகந்தவை. அந்நாள்களில் சூரியன் மறையும்போது நிலவு ஏறத்தாழ உச்சியில் நிற்கும், நள்ளிரவுக்குப் பிறகே மறையும். பௌர்ணமி நிலவில் நிழல்கள் தெரியாததால் பள்ளங்களும் மலைகளும் தட்டையாகிவிடும். நாளை முடிவு செய்தபின், அன்று எந்தக் கோள்கள் தெரியும் என்பதை ஸ்டெல்லேரியம் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். மதியக் கச்சேரிகளும் நடப்பதால் சீட்டில் நேரத்தைக் கவனியுங்கள்.

படி 2: பூங்காவில் பார்த்தல்

இரட்டைக் கோபுரத்தின் அடியில், 1998இல் திறக்கப்பட்ட டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில்தான் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்கிறது. அதை ஒட்டியே கேஎல்சிசி பூங்கா இருக்கிறது. நகர வெளிச்சத்தில் மங்கலான விண்மீன்கள் காணாமல் போகும். நிலவையும் வெள்ளி, வியாழன் போன்ற பிரகாசமான கோள்களையும் அது ஒன்றும் செய்யாது. 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்) ஒன்று போதும். நிலவு தலைக்கு மேலே இருப்பதால் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, முழங்கைகளை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை மெதுவாக விட்டபடி பாருங்கள். இல்லாவிட்டால் படம் நடுங்கும், கழுத்தும் வலிக்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக் கோட்டில், சூரிய ஒளி சாய்வாக விழுவதால், பள்ளங்களின் விளிம்புகள் எழும்பித் தெரியும். வியாழன் வானில் இருந்தால் அதன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் புள்ளிகளைத் தேடுங்கள். அவை கலிலியோ 1610இல் கண்ட நிலவுகள். சனியின் வளையத்துக்கு மட்டும் தொலைநோக்கி வேண்டும்.

படி 3: அரங்கினுள்

நீளக்கை பாத்தேக் சட்டையோ புடவையோ பொருத்தமாக இருக்கும். தாமதமாக வந்தால் இடைவெளி கிடைக்கும்வரை வெளியே நிற்க நேரலாம்.

ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1914 முதல் 1917 வரை எழுதிய ‘கோள்கள்’ என்ற இசைத்தொகுப்பு நிகழ்ச்சி நிரலில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வீட்டிலேயே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். ஏழு பகுதிகள், சுமார் ஐம்பது நிமிடங்கள். அவரைத் தூண்டியது வானியல் அல்ல, சோதிடம். ஆனாலும் நம் நவக்கிரகங்களில் இல்லாத யுரேனஸும் நெப்டியூனும் அதில் உண்டு. ‘செவ்வாய்’ பகுதி பெரும்பாலும் ஐந்து எண்ணிக்கையில் ஓடுவதால், கர்நாடக இசையின் கண்டசாபு தாளம் பழகிய காது அதை உடனே பிடித்துக்கொள்ளும். பகுதிகளுக்கு இடையே கைதட்டுவதில்லை. ‘நெப்டியூன்’ முடிவில், மேடைக்கு வெளியே பாடும் பெண்கள் குழுவின் அறைக் கதவு மெல்ல மூடப்பட்டு ஒலி தேய்ந்து மறையும். இசைக்குழு நடத்துநர் கையை இறக்கும்வரை பொறுங்கள்.

படி 4: மழை குறுக்கிட்டால்

மாலை இடிமழை இங்கு வழக்கமானது. கச்சேரி முடிந்ததும் மேற்கு வானத்தைப் பாருங்கள். மேகம் விலகியிருந்தால் அதே நிலவு அங்கே முன்பைவிடத் தாழ்வாக இருக்கும், கடைசி எல்ஆர்டி ரயில் நேரத்தை மட்டும் முன்பே பார்த்து வைத்திருங்கள்.