பிரைமா, ஜூமா? லென்ஸ் வாங்கும் முன்

ஜூம் லென்ஸைத் திருகிக் காட்சியை அருகிலோ அகலமாகவோ கொண்டுவரலாம்; பிரைம் லென்ஸ் ஒரே குவிய நீளத்தில் (மி.மீ. எண்) நிற்கும். கேமராவோடு வந்த 18-55 ஜூமை (கிட் லென்ஸ்) வைத்தே முதலில் சோதித்துப் பாருங்கள். எடுத்ததில் பிடித்த நூறு படங்களைத் திறந்து, எந்த மி.மீ.யில் எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை ஒரே எண்ணைச் சுற்றி இருந்தால் அந்த நீளத்தில் பிரைம் வாங்கலாம். சிதறிக் கிடந்தால் ஜூமே சரி.

பிரைமின் பலம் வெளிச்சம். மண்டபத்துக்குள் கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் எஃப்/5.6 தான் கிடைக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது). 50 மி.மீ. எஃப்/1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 கேட்ட இடத்தில் 640 போதும். ஆனால் துளையை முழுக்கத் திறந்தே வைத்திருப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில், ஒன்றரை மீட்டர் தூரத்தில், எஃப்/1.8-இல் ஃபோகஸ் ஆழம் (துல்லியமாகத் தெரியும் பகுதி) சுமார் 6 செ.மீ. மட்டுமே. கண் துல்லியமாக இருக்கும், காது மங்கிவிடும். இருவர் நின்றால் எஃப்/4, இரண்டு வரிசைக் குழு என்றால் சற்றுத் தள்ளி நின்று எஃப்/5.6.

அறையையும் அளந்து பாருங்கள். அதே கேமராவில் 50 மி.மீ.யால் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க நான்கு மீட்டராவது பின்னால் போக வேண்டும். பத்தடி அறையில் முதுகு சுவரில் இடிக்கும். அங்கே 35 மி.மீ. வாங்குங்கள்.

தாலி கட்டும் நேரம், கோயில் திருவிழா, கடற்கரைத் தூசி: இங்கெல்லாம் லென்ஸ் மாற்ற அவகாசமே இராது. 24-70 எஃப்/2.8 போன்ற ஜூம் கனம்தான், விலையும் அதிகம்தான். ஆனாலும் அதுவே சரி.