பந்தில் பட்டால் போதுமா? திறமைசாலிகளின் கால்களைக் காக்க நடுவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரைச் சொன்னால், அந்தக் கழகத்தில் எதிராளிகளை ஏமாற்றிப் பந்தை வெட்டி எடுத்துப்போகும் ஒருவனின் பெயரும் சேர்ந்தே வாயில் வந்துவிடும். குருநகரோ நாவாந்துறையோ இளவாலையோ ஊரெழுவோ, ஊருக்கு ஒருவன் நிச்சயம் இருப்பான். அவனைப் பார்க்கத்தான் சனம் துரையப்பா விளையாட்டரங்குக்குப் போகிறது. மின்னொளி ஆட்டம் என்றால் சாமம் வரைக்கும் வேலியோரம் நிற்கிறது. இரண்டு மூன்று பருவம் போனதும் அதே பெடியன் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நம்மோடு வேலியோரம் நிற்பதையும் பார்க்கிறோம். "நல்லா விளையாடினவன், கால் போயிட்டுது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கால் தானாகப் போவதில்லை. யாரோ அடிக்கிறார்கள், அதை யாரோ விட்டுவிடுகிறார்கள். திறமையான வீரரைக் காப்பதற்கு வேண்டியதெல்லாம் ஆட்ட விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும் நேரம்தான் நம்மிடம் பிந்திப்போகிறது. கழகச் சுற்றுப்போட்டிகளிலும் பாடசாலை ஆட்டங்களிலும் விசில் பிடிக்கிற இளம் நடுவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பயிற்றுநர்களும் போட்டி நடத்துகிறவர்களும் படித்தால் இன்னும் நல்லது.

"பந்தில்தானே பட்டது, ரெஃப்ரி!"

நம் மைதானங்களில் அதிகம் கேட்கிற வசனம் இது. அடித்தவர் இரண்டு கையையும் விரித்துச் சொல்வார், அவருடைய அணி முழுவதும் சேர்ந்து சொல்லும், வேலியில் நிற்கிற சனமும் சொல்லும். நடுவரும் பல வேளைகளில் அதை நம்பி ஆட்டத்தைத் தொடர விடுவார். ஆனால் பந்தை முதலில் தொட்டால் குற்றம் இல்லை என்று விதிப் புத்தகத்தில் எங்கும் கிடையாது.

12ஆம் விதி மூன்று படிகளைச் சொல்கிறது. கவனக்குறைவாக மோதினால் ஃப்ரீ கிக் மட்டும், அட்டை தேவையில்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் மோதினால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலத்தோடு மோதினால், அல்லது எதிராளியின் உடலுக்கு ஆபத்து வரும்படி மோதினால் சிவப்பு. இந்த மூன்றுமே எப்படி மோதினார் என்பதைத்தான் கேட்கின்றன. பந்து எங்கே போனது என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

சரி, "எப்படி" என்பதை மைதானத்தில் எதை வைத்துத் தீர்மானிப்பது? மோதுகிறவரின் காலைப் பாருங்கள். முழங்கால் மடங்கி, பாதம் நிலத்தோடு சறுக்கி வந்தால் அவர் தன் வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய நிலையில் இருக்கிறார். கால் விறைப்பாக நீண்டு, பூட்ஸின் அடிப்பக்கம் எதிராளியைப் பார்த்தபடி வந்தால் கட்டுப்பாடு கைவிட்டுப் போய்விட்டது. இரண்டு காலும் நிலத்தை விட்டுக் கிளம்பியிருந்தால் கேட்கவே வேண்டாம். எவ்வளவு தூரம் ஓடிவந்தார், எந்தப் பக்கமாக வந்தார், அந்த இடத்திலிருந்து பந்தை எட்டவே முடியுமா என்பதையும் பாருங்கள்.

அப்புறம், அடிபடுகிறவரின் காலையும் பார்க்க வேண்டும். வெட்டி விளையாடுகிறவர் திசை மாற்றும் கணத்தில் உடல் பாரம் முழுவதும் ஒரு காலில் இறங்குகிறது. அந்தக் காலின் ஸ்டட்டுகள், அதாவது பூட்ஸின் அடியிலுள்ள முளைகள், நிலத்தில் ஊன்றி நிற்கும். அந்த நேரம் பக்கவாட்டில் அடி விழுந்தால் பாதம் அசையாது, உடல் மட்டும் திரும்பும். வருகிற விசை முழுவதையும் கணுக்காலும் முழங்காலும்தான் தாங்க வேண்டும். அதே அடி காற்றில் இருக்கிற காலில் விழுந்தால் ஆள் உருண்டு எழுந்துவிடுவார். ஊன்றிய காலில் விழுந்த அடியைப் பார்த்த நடுவர், பந்து வெளியே போனதா உள்ளே நின்றதா என்று தேடத் தேவையில்லை.

பின்னாலிருந்து அடித்தால் மட்டுமே சிவப்பு என்கிற எண்ணமும் இங்கே பலமாக இருக்கிறது. 1998 பிரான்ஸ் உலகக் கிண்ணத்தையொட்டி, பின்னாலிருந்து வரும் ஆபத்தான டக்கிளுக்குச் சிவப்பு என்று கண்டிப்பாக அறிவித்தார்கள். அந்த நினைவுதான் பலருக்கு இன்னும் நிற்கிறது. இப்போதைய விதி முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று திசையையும் சேர்த்தே சொல்கிறது. அதேபோல, சறுக்கி மறிப்பது தன்னளவில் குற்றமும் அல்ல. சுத்தமாகச் சறுக்கிப் பந்தை எடுப்பது தடுப்பாட்டக்காரரின் கலை. அதற்கு விசில் ஊதினால் அவருக்கு அநியாயம் செய்கிறோம்.

"முதல் பத்து நிமிடத்தில் அட்டை எடுக்காதே"

இந்த அறிவுரையை யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது, இளம் நடுவர்களிடம் மந்திரம் போலப் பரவியிருக்கிறது. முதலிலேயே அட்டை எடுத்தால் ஆட்டம் முழுக்க அட்டையோடு திரிய வேண்டி வரும், ஆட்டம் கெட்டுப்போகும் என்று காரணம் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. விதியில் நிமிடக் கணக்கு இல்லை. 2ஆம் நிமிடத்தில் மஞ்சளுக்குரிய அடி 82ஆம் நிமிடத்திலும் மஞ்சளுக்குரியதுதான்.

அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரருக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். ஆட்டம் தொடங்கியதும் எதிரணியின் விங்கருக்கு ஒரு அடி கொடுத்துப் பார்ப்பார். நடுவர் ஊதிவிட்டு "இனிச் செய்யாதை" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனால் இன்றைக்கு எவ்வளவு அடிக்கலாம் என்ற அளவு அவருக்குக் கிடைத்துவிடும். அடி வாங்கியவரும் தன் அளவைப் புரிந்துகொள்வார். அடுத்த முறை பந்து வரும்போது வெட்ட மாட்டார், வந்த வேகத்திலேயே பின்னுக்குத் தட்டிவிடுவார். அந்த முதல் அடியிலேயே மஞ்சள் வெளியே வந்திருந்தால், மீதி நேரம் முழுக்கக் கவனமாக ஆட வேண்டியவர் அடித்தவராக இருந்திருப்பார்.

உலகக் கிண்ண வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி கிடக்கிறது. 1966இல் லிவர்பூலில் நடந்த ஆட்டத்தில் போர்த்துக்கலின் மொராயிஸ் பெலேயை அடுத்தடுத்து அடித்து வீழ்த்தினார். நடுவர் அவரை வெளியே அனுப்பவில்லை. மாற்று வீரரை இறக்கும் வசதி அப்போது இல்லாததால் பெலே நொண்டியபடியே ஆட்டத்தை முடித்தார், பிரேசில் முதல் சுற்றோடு வீடு திரும்பியது. அந்தத் தொடரில் கிடைத்த அனுபவங்களிலிருந்துதான் ஆங்கிலேய நடுவர் கென் அஸ்டன் மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அவை நடைமுறைக்கு வந்தன.

அட்டை வந்துவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடவுமில்லை. 2014இல் போர்த்தலேசாவில் பிரேசிலும் கொலம்பியாவும் மோதிய காலிறுதியில் 54 ஃபவுல்கள். இரு பக்கமும் அடித்துக்கொண்டிருக்க, முதல் மஞ்சள் அட்டை இரண்டாம் பாதியில்தான் வெளியே வந்தது. கடைசியில் கொலம்பியாவின் சூனிகாவுடைய முழங்கால் பிரேசிலின் நெய்மாருடைய முதுகில் ஏறி, முள்ளந்தண்டு எலும்பொன்று முறிந்தது. அந்த மோதலுக்கு அட்டைகூட இல்லை. முதல் அரை மணி நேரத்தில் எடுக்க வேண்டிய அட்டையை எடுத்திருந்தால் அந்த ஆட்டம் அந்த இடத்துக்குப் போயிருக்காது என்றே நம்புகிறேன்.

ஆள் மாறி ஆள் அடிப்பது

சில அணிகள் கணக்காக அடிக்கும். முதல் தடவை வலது பின்வரிசைக்காரர், அடுத்தது நடுக்களக்காரர், மூன்றாவது இன்னொருவர். நடுவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எண்ணினால் எல்லோருக்கும் "முதல் தடவை"தான் வரும். ஆனால் அடிபட்ட கால் ஒன்றே.

அடிக்கிறவரை எண்ணுவதோடு அடி வாங்குகிறவரையும் எண்ணுங்கள். ஒரே வீரர் மூன்றாம் தடவை விழுந்ததும் எதிரணித் தலைவரைக் கூப்பிட்டு, விழுந்தவரைக் காட்டி, "இவருக்கு இனி யார் அடித்தாலும் அட்டை" என்று எல்லோருக்கும் தெரியும்படி சொல்லுங்கள். சொன்னதைச் செய்யுங்கள். ஒரு வீரர் தொடர்ந்து குற்றம் செய்தால் மஞ்சள் என்கிற விதியில்கூட எத்தனை தடவை என்று எண் போடவில்லை. மூன்றா ஐந்தா என்று காத்திருக்கத் தேவையில்லை, நடுவரின் கண்ணை நம்பித்தான் அது விடப்பட்டிருக்கிறது. 1982 உலகக் கிண்ணத்தில் இத்தாலியின் ஜென்டிலே மரடோனாவை ஆட்டம் முழுக்கப் பிடித்தும் இழுத்தும் இடித்தும் முடக்கினார். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் பெரிய குற்றமாகத் தெரியாது. அத்தனையும் சேர்ந்து ஒரு மேதையை ஆடவிடாமல் செய்தன.

அட்வான்டேஜ் கொடுத்துவிட்டு மறந்துபோவது

அடிபட்டும் விழாமல் ஓடுகிறவரை ஊதி நிறுத்தாமல் விடுவதுதான் அட்வான்டேஜ், அது நல்ல நடுவருக்கு அடையாளம். ஆனால் தாக்குதல் முடிந்து பந்து வெளியே போனதும் திரும்பி வந்து, அடித்தவருக்குரிய அட்டையைக் காட்ட வேண்டும். இங்கே பல தடவை அது காற்றோடு போய்விடுகிறது. எதிர்பார்த்த சாதகம் சில வினாடிகளில் கிடைக்காவிட்டால் முதல் குற்றத்துக்கே திரும்பி ஊதலாம் என்பதையும் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

சிவப்புக்குரிய அடி என்றால் அட்வான்டேஜ் பேச்சே வேண்டாம், தெளிவான கோல் வாய்ப்பு கண்முன்னே இருந்தாலொழிய உடனே ஊதுங்கள். அடித்தவர் அடுத்த நிமிடம் இன்னொருவரை அடித்தாலோ, அடிபட்டவரின் அணியினர் பழிக்குப் பழி வாங்கினாலோ ஆட்டம் உங்கள் கையில் இருக்காது.

அடி பெரும்பாலும் பந்து போன பிறகுதான் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். பந்தைத் தட்டிவிட்ட அரை வினாடியில், எல்லோருடைய கண்ணும் பந்தோடு ஓடும் நேரத்தில், கணுக்காலில் ஒரு மிதி. பந்து காலை விட்டுப் போன பின்னும் ஒரு கணம் அந்த இருவரையும் பார்த்துவிட்டு ஓடப் பழகுங்கள். நம் ஊர்ச் சுற்றுப்போட்டிகளுக்கு வீடியோ உதவி கிடையாது, நீங்கள் பார்க்காததை வேறு யாரும் பார்த்துச் சொல்லப்போவதில்லை.

"வெட்டினவன் அடி வாங்கத்தான் வேணும்"

இப்படிச் சொல்கிற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காலுக்கிடையால் பந்தைத் தட்டினால் அது அவமானப்படுத்துவதாம், அடித்தால் நியாயமாம். இந்த எண்ணம் நடுவரின் மனதுக்குள்ளும் இருந்தால் மிக ஆபத்து. எதிராளியை ஏமாற்றிக் கடப்பது இந்த ஆட்டத்தின் உயிர், அதில் குற்றம் எதுவுமில்லை.

ஆனால் பாதுகாப்பு என்றால் சலுகை என்று அர்த்தமில்லை. தொடாமலே விழுந்து ஃபவுல் கேட்டால் அவருக்கும் மஞ்சள்தான். கோபத்தில் திருப்பி உதைத்தால் அவரும் வெளியேதான். சொல்லப்போனால், நேரத்துக்கு ஊதாத நடுவர்தான் அந்த உதையையும் வரவழைக்கிறார். நான்கு தடவை அடி வாங்கியவர் ஐந்தாம் தடவை தன் கையால் நியாயம் தேடுவார், சிவப்பு அவருக்கே கிடைக்கும். தொடங்கியவர் பேசாமல் ஆட்டத்தை முடித்துவிட்டுப் போவார்.

பாடசாலை ஆட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே வயதுப் பிரிவில் ஒருவன் ஆளாக வளர்ந்திருப்பான், மற்றவன் இன்னும் குழந்தை உடம்போடு நிற்பான். வெட்டி விளையாடுகிறவன் பெரும்பாலும் அந்தச் சின்னவனாகத்தான் இருப்பான், பலத்துக்குப் பதிலாகக் காலில் வித்தை பழகியவன். பெரியவன் வேண்டுமென்று அடிக்காவிட்டாலும் ஆபத்து ஆபத்துதான். பெண்கள் ஆட்டங்களில் "அடி பலமாக விழாது" என்று விட்டுவிடுவதும் இதே போன்ற தவறு. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகள் ஆடுகிற வேகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அடிபட்டவரையே வெளியே அனுப்புவது

இது கொஞ்சம் சின்ன விசயம் போலத் தெரியும், ஆனால் எனக்கு மிகவும் மனம் நோகிற விசயம். அடிபட்டு விழுந்தவருக்கு மைதானத்துக்குள் மருந்து போட்டால் அவர் வெளியே போய், நடுவர் கூப்பிட்ட பிறகே உள்ளே வரலாம் என்பது பொதுவிதி. இதனால் அடித்த அணி பதினொரு பேரோடும் அடிபட்ட அணி பத்துப் பேரோடும் நிற்கிற கொடுமை நடந்துகொண்டிருந்தது. 2016இல் அதைத் திருத்திவிட்டார்கள். அடித்தவருக்கு மஞ்சளோ சிவப்போ காட்டப்பட்டு, சிகிச்சையும் விரைவாக முடிந்தால் அடிபட்டவர் வெளியே போகத் தேவையில்லை. இவ்வளவு வருடமாகியும் நம் மைதானங்களில் நொண்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போகும் பெடியளைப் பார்க்கிறேன்.

ஆட்டம் தொடங்க முன்பு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் காப்பை (ஷின் கார்ட்) பார்ப்பதும் நடுவரின் வேலை. காலுறைக்குள் ஒரு மட்டைத் துண்டைச் செருகிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஏழு பேர், ஒன்பது பேர் ஆட்டம்தானே என்று விடாதீர்கள். சின்ன மைதானத்தில் மோதல் அதிகம்.

கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள்

"ஆளை விடாதை, காலை அடி!" என்று பயிற்றுநரே கத்துகிற ஆட்டங்கள் உண்டு. 2019 தொடக்கம் அணி அதிகாரிகளுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டலாம். யார் கத்தினார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் அங்கே நிற்கிற தலைமைப் பயிற்றுநருக்கே அட்டை. இங்கே அதை எடுக்க நடுவர்கள் தயங்குகிறார்கள், காரணமும் விளங்குகிறது. ஊருக்குள் வந்து, அந்த ஊர்க் கழகத்தின் பயிற்றுநருக்கு, அந்த ஊர்ச் சனம் சுற்றிநிற்க அட்டை காட்டுவது லேசான காரியமில்லை. அதனால்தான் போட்டி நடத்துகிறவர்களின் பொறுப்பு பெரிது. சனத்தைக் கோட்டிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். கோட்டு நடுவர்களைப் போட்டியிடும் கழகங்களிலிருந்து எடுக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் நடுவர் பத்திரமாக மோட்டார் சைக்கிள் ஏறும் வரை இருவர் கூட நில்லுங்கள். பயமில்லாத நடுவர்தான் நேரத்துக்கு அட்டை எடுப்பார்.

கடைசியாக, அறிக்கை. சிவப்பு அட்டை காட்டிவிட்டு "கடுமையாக ஆடினார்" என்று இரண்டு சொல்லில் எழுதிக் கொடுத்தால் ஒழுக்காற்றுக் குழு கூடும்போது அது நிற்காது, அடுத்த வாரம் அதே ஆள் அதே கால்களோடு இறங்குவார். எத்தனையாவது நிமிடம், மைதானத்தின் எந்தப் பகுதி, எந்தத் திசையிலிருந்து வந்தார், ஒற்றைக் காலா இரட்டைக் காலா, ஸ்டட் எந்த உயரத்தில் பட்டது, பந்து எட்டும் தூரத்தில் இருந்ததா, அடிபட்டவர் தொடர்ந்து ஆடினாரா, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்று அன்றிரவே, நினைவு மங்க முன்னம் எழுதிவிடுங்கள்.