சைக்ளோன்: புயல் செய்தியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூரிலும் புதுச்சேரியிலும் கைப்பேசி முழுக்கப் புயல் செய்திதான். அதில் வரும் சைக்ளோன் என்ற சொல்லுக்குப் பயங்கரமான காற்று என்று பொருள் கொள்வதுதான் முதல் தவறு. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், 1848இல் மாலுமிகளுக்காக எழுதிய கையேட்டில் இந்தச் சொல்லை முன்வைத்தார். பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். அவர் சொல்ல வந்தது காற்றின் வேகத்தை அல்ல, அது சுழல்வதை.

இந்தச் சுழற்சியை மறப்பதில்தான் உயிராபத்தே இருக்கிறது. புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, நம் ஊருக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கும். புயல் போய்விட்டது என்று விழுந்த மரத்தை அகற்றவும் மாட்டைப் பார்க்கவும் வெளியே வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வராதீர்கள். நம் பக்கம் புயல் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. கிழக்கிலிருந்து வரும் புயலில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். பாதி சாய்ந்து நிற்கும் மரமும் தளர்ந்த தகரமும் அப்போதுதான் விழும்.

அப்புறம், தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் மூன்றும் ஒன்றல்ல. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் வானிலைத் துறை அதைப் புயல் என்று சொல்லும். ஹரிக்கேன், டைபூன் என்பவை இதைவிடப் பெரிய வேறு ரகம் என்று நினைக்க வேண்டாம். கடும் புயலுக்கு அட்லாண்டிக்கிலும் மேற்குப் பசிபிக்கிலும் அந்தப் பெயர்கள், அவ்வளவுதான். டொர்னாடோ என்ற குறுகிய சுழற்காற்று மட்டும் வேறு. அது பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து ஆபத்தை எடைபோடுவதும் தவறு. 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய ‘தானே’ புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் காற்றாலேயே சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் காற்று அதைவிட மிகக் குறைவு. ஆனால் கரையேறிய பிறகும் நகராமல் நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அதோடும் முடியவில்லை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூர்க் கிராமங்களுக்குள் புகுந்தது. ஆற்றோரம் இருப்பவர்கள், ‘புயல் கரையைக் கடந்தது’ என்ற செய்தி வந்த பிறகும் அணை நீர்வரத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.