பூட்டிய வாடகை வீட்டில் யாரோ குடியேறிவிட்டால்: படிப்படியாக மீட்பது எப்படி?

குடித்தனக்காரர் ஜனவரியில் காலி செய்து போனார். வேறு ஆள் அமையவில்லை, வீடு பூட்டியே கிடந்தது. செப்டம்பரில் போய்ப் பார்த்தால் எங்கள் பூட்டு இல்லை, புதுப் பூட்டு. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டுப் பின்பக்கமாக வந்த ஒருவர், "நாங்க வாடகைக்கு இருக்கோம், ஓனர்கிட்ட பேசிக்குங்க" என்றார். ஓனர் என் அம்மா. அவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

சாவி திரும்பக் கைக்கு வர இரண்டரை வருடம் ஆனது. தமிழ்நாட்டில் இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்து வைத்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

1. உள்ளே இருப்பவர் யார்?

வாடகை ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவர் என்றால், அது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய விஷயம். நாம் விடாமலே நுழைந்தவர் குடித்தனக்காரர் ஆக மாட்டார். அவர் மேல் சிவில் நீதிமன்றத்தில்தான் வழக்கு. தெரியாமல்கூட அவரிடம் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். "இந்த மாச வாடகைய வச்சுக்குங்க" என்று அன்பாகத்தான் நீட்டுவார்கள். வாங்கிவிட்டால் அதையே வாடகை உறவுக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

ஆள் வைத்துச் சாமானை வெளியே போடுவது, கரண்ட்டைப் பிடுங்குவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அதுவரை புகார்தாரராக இருந்த நீங்கள், அன்றைக்கே குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள்.

2. காவல் நிலையம்

வீடு புகுந்து அத்துமீறுவது பாரதிய நியாய சன்ஹிதா 329ஆவது பிரிவில் குற்றம். ஒரு வருடம் வரை சிறை உண்டு. புகாரில் பிரிவு எண்ணையும் எழுதுங்கள். பெரும்பாலும் "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். போகலாம், ஆனால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது வாங்காமல் நகராதீர்கள். எஃப்.ஐ.ஆர் போடவில்லை என்றால் புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

3. எந்தத் தேதியில் நுழைந்தார்கள்?

எங்களைத் தூக்கிவாரிப் போட்ட இடம் இதுதான்.

1963ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6ஆவது பிரிவு, சுவாதீனத்தை, அதாவது சொத்து தன் கையில் இருப்பதை, பறிகொடுத்தவருக்கு ஒரு குறுக்கு வழி தருகிறது. சொத்து யாருடையது என்ற ஆராய்ச்சி அதில் இல்லை. வீடு நம் கையில் இருந்தது, சம்மதம் இல்லாமல் பறித்தார்கள், அதைக் காட்டினால் போதும். தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. ஆனால் சுவாதீனம் பறிபோன நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து இல்லை, பறிபோன நாளிலிருந்து.

அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மாவின் போனுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. பில் தொகை வரும். எப்போதும் 0. பூட்டின வீடு, 0தானே வரும் என்று இருந்துவிட்டோம். வீடுகளுக்கு அப்போது 100 யூனிட் வரை இலவசம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. விளக்கே எரியாத வீட்டுக்கும் 0 ரூபாய், 86 யூனிட் ஓடின வீட்டுக்கும் 0 ரூபாய்.

சர்வீஸ் நம்பரைப் போட்டுப் பழைய ரீடிங்குகளை எடுத்தேன். பிப்ரவரி 7312, ஏப்ரல் 7312, ஜூன் 7398, ஆகஸ்ட் 7491. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் வந்திருக்கிறார்கள். கெடுவை எப்போதும் முந்தைய ரீடிங் தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள், அதுதான் பத்திரம். எங்களுக்கு ஏப்ரல் 12. மீதி இருந்தது ஐந்தே வாரம்.

ஸ்க்ரீன்ஷாட்டோடு நிற்காமல், மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து முத்திரையோடு ரீடிங் விவரம் வாங்குங்கள். பழைய குடித்தனக்காரர் சாவி கொடுத்த நாளில் அனுப்பிய செய்தியும் எங்களுக்குப் பெரிய துணை. போட்டோவைவிட எனக்கு வீடியோதான் பிடிக்கும்: தெருமுனையில் ஆரம்பித்து, கதவு எண், பூட்டு, மீட்டர் என்று நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். எடுத்த போனை விற்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

4. வழக்கு

முதலில் பார்த்த வக்கீல், தடையாணை மட்டும் கேட்டுப் போடலாம் என்றார். சுவாதீனமே போன பிறகு வெறும் தடையாணை கேட்டால் வழக்கு நிற்காது. சுவாதீனத்தைத் திரும்பக் கேளுங்கள். கூடவே, வழக்கு முடியும்வரை மூன்றாம் நபரை உள்ளே விடக் கூடாது என்று இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

6 மாதம் தாண்டிவிட்டால்? உரிமையைக் காட்டி வழக்குப் போடலாம், அதற்கு 12 வருடம் கெடு. அதையும் கோட்டைவிட்டால் எதிரிடை அனுபோகம் (நெடுங்காலம் அனுபவித்ததால் வரும் உரிமை) என்று சொத்தே கைவிட்டுப் போகலாம். வழக்கு நடக்கும்போதே மின்வாரியத்துக்கும் நகராட்சிக்கும் ஆட்சேபனைக் கடிதம் கொடுத்துவிடுங்கள், பெயர் மாற்றம் கேட்டு வருவார்கள்.

5. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்தால் சாவி தானாக வராது. நிறைவேற்று மனு போட்டு, நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வர வேண்டும். முதல் தடவை வந்த அமீனா, "கதவு பூட்டியுள்ளது" என்று எழுதிவிட்டுத் திரும்பினார். பூட்டை உடைக்கவும் போலீஸ் பாதுகாப்புக்கும் தனித்தனியாக மனு போட்டு உத்தரவு வாங்கிய பிறகுதான் உள்ளே போனோம். முதலிலேயே போட்டிருந்தால் நாலு மாதம் மிச்சம். உள்ளே கிடந்த அவர்களுடைய பாத்திரம், பீரோ எல்லாவற்றையும் அமீனா முன்னால் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

பின்சேர்க்கை: காவலுக்கு வைத்த ஆளே காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். காவலாளி எத்தனை வருடம் இருந்தாலும் சொத்தில் உரிமை வராது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, மரியா மார்கரிடா வழக்கில். வக்கீலிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொன்று: தங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு வெளிநாட்டிலிருந்து பவர் பத்திரம் அனுப்புகிறவர்கள் தூதரகத்தில் சான்று வாங்குவதோடு விட்டுவிடுகிறார்கள். அந்தப் பத்திரம் இந்தியா வந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.